மதில் எழுவதற்குள் முடிய வேண்டிய போர்

சிட் மெய்யர் 1991-இல் தொடங்கிவைத்த ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டில், கி.மு. 4000-இல் ஒரு குடியேறிக் கூட்டத்தையும் ஒரேயொரு போர்வீரர் படையையும் கையில் கொடுத்து, ஒரு நாகரிகத்தையே எழுப்பச் சொல்வார்கள். சதுரங்கம்போல ஆட்டக்காரர்கள் மாறி மாறி நகர்த்த வேண்டும். அவசரம் இல்லை, யோசிக்க எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம். 2016-இல் வெளியாகி, இரண்டு பெரிய விரிவாக்கங்களுடன் இன்றும் பரவலாக ஆடப்படும் ஆறாம் பதிப்பில் வெற்றிக்குப் பல வழிகள் உண்டு: அறிவியல், பண்பாடு, சமயம், ராஜதந்திரம், ஆதிக்கம். இவற்றில் ஆதிக்க வெற்றி என்பது மற்ற எல்லா நாகரிகங்களும் முதன்முதலில் நிறுவிய தலைநகரங்களைக் கைப்பற்றுவது. இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் நாட்டைக் கட்டு, ஆராய்ச்சியில் முந்து, பீரங்கியும் விமானமும் வந்த பிறகு போருக்குப் போ. கேட்க நிதானமாகத் தெரியும் இந்த அறிவுரை தவறானது என்பது என் உறுதியான கருத்து. ஆதிக்க வெற்றியை நாடுபவர் முதல் போரைத் தொடங்க வேண்டியது, பக்கத்து நாட்டான் மதில் எழுப்புவதற்கு முன்பு. அதற்குத் தேவை பெரும்படை அல்ல, நான்கு வில்லாளிகள்.

இதற்கான ஆதாரம் ஆட்டத்தின் சண்டைக் கணக்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படைக்கும் ஒரு வலிமை எண் உண்டு, உயிர்ப்புள்ளி 100. சம வலிமையுள்ள இரு படைகள் மோதினால் ஒன்று மற்றதற்குச் சுமார் 30 புள்ளி சேதம் தரும். வலிமை வித்தியாசம் கூடக்கூடச் சேதம் அதே அளவில் கூடுவதில்லை, பெருக்கல் முறையில் ஏறுகிறது. ஏறத்தாழ 17 புள்ளி அதிக வலிமை இருந்தால் சேதம் இரட்டிப்பாகும். 17 குறைந்தால் பாதியாகும். தூரத்திலிருந்து எய்யும் படைகள் நகரத்தைத் தாக்கும்போது அவற்றின் வலிமையில் சரியாக இந்த 17-ஐத்தான் ஆட்டம் கழிக்கிறது. அதனால்தான் 15 வலிமையுள்ள கவண்காரர்களை நகர வாசலில் நிறுத்திப் பயனில்லை. 25 வலிமையுள்ள வில்லாளிகள் வேண்டும். மதில் வந்துவிட்டால் இதற்கு மேலும் ஒரு கழிவு விழுகிறது. மதிலின் மீது அம்புக்குப் பாதிச் சேதம்தான், வாளுக்கு அதிலும் சொற்பம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வேறொன்று. மதில் இல்லாத நகரத்தால் திருப்பி எய்ய முடியாது. மதில் எழுந்த சுற்றிலிருந்து அந்த நகரமே ஒரு வில்லாளியாகிவிடுகிறது.

ஒரு முற்றுகையை அருகில் நின்று பார்க்கலாம். தற்காப்பு வலிமை 20 உள்ள ஒரு நகரம். அதன் உயிர்ப்புள்ளி 200. நான்கு வில்லாளிகள் இரண்டு கட்டம் தள்ளி நின்று எய்கிறார்கள். கழிவு போக ஒவ்வொருவரும் சுமார் 18 புள்ளி சேதம் தருகிறார்கள், நால்வரும் சேர்ந்தால் சுற்றுக்கு எழுபதைத் தாண்டும். இரண்டு போர்வீரர் படைகளை நகரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்திச் சுற்றியுள்ள கட்டங்களை எல்லாம் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால், நகரம் சுற்றுதோறும் தானாகத் தேறிக்கொள்ளும் 20 புள்ளியும் நின்றுபோகும். மூன்றாம் சுற்றில் நகரம் துவண்டுவிடும்; வில்லாளிகளால் நகருக்குள் நுழைய முடியாது என்பதால் போர்வீரர் உள்ளே போவார். நம் பக்கம் பெரிய இழப்பு இருக்காது. இதே நகரத்துக்கு 100 புள்ளி மதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே நான்கு அம்புகள் இப்போது சுற்றுக்கு நாற்பதைக்கூட எட்டாது. மதிலைத் தகர்க்கவே மூன்று சுற்று, பிறகு நகரத்துக்கு இன்னும் மூன்று. இடையில் ஒவ்வொரு சுற்றும் மதிலிலிருந்து பாயும் அம்பு நம் வில்லாளி ஒருவரின் உயிரில் நாற்பதுக்கு மேல் பிடுங்கும். மூன்று அடியில் ஒரு படை காலி. ஆறு சுற்றில் நால்வர் இருவராகிவிடுவார்கள், முற்றுகை அப்போதும் முடிந்திருக்காது. மாறியது 80 உற்பத்திப் புள்ளியில் எழும் ஒரு மதில் மட்டுமே. மதிலை வளைப்பதற்கு உழிஞை, காப்பதற்கு நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணை வகுத்ததன் நியாயம் இந்த ஆட்டத்தை ஆடும்போது நன்றாகவே விளங்குகிறது.

“ஆரம்பத்திலேயே படை திரட்டுவது விதைநெல்லை அவித்துத் தின்பதுபோல” என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம். தொடக்கத்தில் செய்யும் ஒவ்வொரு கவண்காரரும் செய்யாமல் விட்ட ஒரு குடியேறியின் ஒரு பங்கு என்பது உண்மைதான். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். கவண்காரருக்கு உற்பத்திச் செலவு 35, போர்வீரருக்கு 40. நான்கு கவண்காரர்களும், தொடக்கத்தில் இலவசமாகக் கிடைத்தவருக்குத் துணையாக இன்னொரு போர்வீரரும் சேர்த்தால் 180. குடியேறிக்கு 80, அதுவும் முதல் குடியேறிக்குத்தான், பிறகு ஒவ்வொன்றுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். குடியேறி புறப்படும் நகரம் ஒரு மக்கள்தொகைப் புள்ளியையும் இழக்கிறது. ஆக இந்தச் சிறு படையின் விலை ஏறத்தாழ இரண்டு குடியேறிகள். இரண்டு குடியேறிகள் தருவது ஒரு வீடும் இல்லாத இரண்டு வெற்று நகரங்கள். படை தருவதோ மக்களும் வயலும் சுரங்கமும் ஏற்கெனவே உள்ள ஒரு தலைநகரம், அதன் பின்னால் இன்னும் இரண்டு நகரங்கள், கூடவே நம் எல்லையில் எப்போதும் குறுகுறுத்துக்கொண்டிருக்கும் ஒரு எதிராளி இல்லாத நிம்மதி. அந்தப் படை அத்தோடு செலவழிந்தும் போவதில்லை. அனுபவம் ஏறிய வில்லாளிகள் பின்னாளில் குறுக்குவில் வீரர்களாக உயர்த்தப்பட்டு அடுத்த போருக்கும் வருவார்கள்.

ஆட்டத்தின் கடினநிலை உயர உயர இந்த வாதம் வலுக்கிறது, தளர்வதில்லை. பலரும் நேர்மாறாக நினைக்கிறார்கள். ‘டெய்ட்டி’ எனப்படும் உச்சநிலையில் கணினி எதிராளிக்குத் தொடக்கத்திலேயே மூன்று குடியேறிகளும் ஐந்து போர்வீரர் படைகளும் கிடைக்கின்றன. ஒவ்வொரு சண்டையிலும் 4 புள்ளி கூடுதல் வலிமை. உற்பத்தியிலும் வருவாயிலும் பெரும் சலுகை. இப்படிப்பட்டவனோடு முப்பதாம் சுற்றில் மோதுவதா என்று கேட்பார்கள். அந்தச் சலுகை இரண்டு வகைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். குடியேறிகளும் போர்வீரர்களும் ஒருமுறை கொடுக்கப்பட்டவை. அந்தக் குடியேறிகள் எழுப்பிய நகரங்களை நாம் பிடித்தால் அவை நம் சொத்து. உற்பத்திச் சலுகை அப்படியல்ல, சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போவது. நூறு சுற்று காத்திருப்பவர் அந்தச் சலுகை நூறு சுற்று விளைய அனுமதிக்கிறார். கணினிக்குப் படைகளைக் கொடுக்கத் தெரிந்த ஆட்டத்துக்கு அவற்றை நகர்த்தும் சாமர்த்தியத்தைக் கொடுக்க முடியவில்லை. அதன் போர்வீரர்கள் ஆற்றைக் கடந்து, குன்றின் மேல் நிற்கும் வில்லாளிகளை நோக்கி ஒவ்வொருவராக வந்து விழுவார்கள். ஐந்து பேரையும் திறந்த வெளியில் வீழ்த்திய பிறகு நகர வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்படியானால் தொடக்கச் சுற்றுகளை எப்படி நடத்துவது? முதலில் ஒரு ஒற்றர். பக்கத்து நாட்டான் எங்கே, எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறான் என்பது தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. பிறகு கவண்காரர்கள். காட்டில் முகாமிட்டிருக்கும் கொள்ளைக்கூட்டத்தில் ஒருவனைக் கவண்காரர் வீழ்த்தினால் வில்வித்தை ஆராய்ச்சியில் கணிசமான பங்கு இலவசமாகக் கழிந்துவிடும். இதனாலேயே வில்லாளிகளை நேரடியாகச் செய்வதைவிட, கவண்காரராகச் செய்து சேர்த்துவைத்த பொன்னைக் கொடுத்து உயர்த்துவது லாபம். அந்தப் பொன்னுக்காக முதல் முப்பது சுற்றில் வேறெதையும் வாங்காமல் இருக்கும் கட்டுப்பாடு வேண்டும். மூன்று கட்டங்களைச் சீர்ப்படுத்தினால் கைத்தொழில் என்னும் பண்பாட்டுப் படி வேகமாக வரும். அதில் திறக்கும் ‘அகோகே’ கொள்கை அட்டை, தொடக்க காலக் காலாட்படைக்கும் வில்லாளிகளுக்கும் உற்பத்தியை 50 சதவீதம் கூட்டும். இடையில் ஒரு குடியேறி, நிலம் நல்லதாக அமைந்தால் இரண்டு. எதிராளி மிக அருகில் இருந்தால் அந்த ஒன்றையும் தள்ளிப்போடலாம்.

காத்திருந்து அடிப்பதே பாதுகாப்பு என்பவர்களின் தரப்பை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. குண்டுவீச்சு விமானங்கள் வந்தபின் நகரங்கள் சரசரவென்று விழும் என்பது மெய்தான். ஆனால் அதுவரை போக வேண்டிய தூரம்? ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கத்தில் எஃகு ஆராய்ச்சியை முடித்த நாட்டின் எல்லா நகரங்களுக்கும் செலவே இல்லாமல் 400 புள்ளி அரண் வந்துவிடும். விமானத்துக்கும் பீரங்கிக்கும் வேண்டிய அலுமினியம், வெடியுப்பு போன்ற வளங்கள் நம் நிலத்தில் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். நிலம் குறைவாக உள்ளவனுக்குக் கிடைக்காமல் போகும் வாய்ப்பே அதிகம். ஆராய்ச்சியில் முந்துவதற்கும் நகரங்கள் வேண்டும். பிந்திய போரை ஆதரிப்பவர் எதிர்பார்க்கும் அந்த அறிவியல் மேன்மையை எளிதில் தருவதே முந்திய போர்தான். நான்கு நகரங்களோடு நூறாம் சுற்றைத் தொடுபவரும் எட்டு நகரங்களோடு தொடுபவரும் ஒரே நாளில் விமானம் கட்டப்போவதில்லை.

போர்வெறியன் என்ற பெயர் வந்துவிடும் என்பது அடுத்த கவலை. பிற நாடுகளின் கசப்பு தொடக்க யுகங்களில் குறைவாகவும், யுகம் ஏற ஏறக் கடுமையாகவும் இருக்கும்படி ஆட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. எப்படியும் எல்லாத் தலைநகரங்களையும் பிடிக்கப்போகிறவர், அந்தக் கசப்பின் விலை மலிவாக இருக்கும்போதே முதல் போரை முடித்துக்கொள்வதுதான் புத்தி. 2018-இல் ‘ரைஸ் அண்ட் ஃபால்’ விரிவாக்கம் கொண்டுவந்த விசுவாச விதி இதைவிட மெய்யான தடை. ஒன்பது கட்டத்துக்குள் உள்ள பிற நாட்டு மக்கள்தொகை, பிடித்த நகரத்தை நம்மிடமிருந்து இழுக்கும். விசுவாசம் தீர்ந்தால் நகரம் கலகம் செய்து பிரிந்துவிடும். ஒரேயொரு எல்லை நகரத்தைப் பிடித்துவிட்டுச் சமாதானம் பேசுபவர்கள் இப்படித்தான் அதை இழக்கிறார்கள். அந்த நாட்டின் தலைநகரையே முதலில் எடுத்து, அங்கே ஓர் ஆளுநரை அமர்த்தி, மீதியையும் தொடர்ந்து எடுத்துவிட்டால் இழுப்பதற்கு ஆள் இருக்காது. விசுவாச விதி அரைகுறைப் போரைத் தண்டிக்கிறது. முழுப் போரைத் தொடுவதில்லை.

இந்த வழி பொருந்தாத இடங்களும் உண்டு. தீவுகளாகச் சிதறிய வரைபடத்தில் வில்லாளிகளால் ஒன்றும் ஆகாது. மலைக்கணவாய்க்குப் பின்னால், ஆற்றின் அக்கரையில் உள்ள தலைநகரை நான்கு படைகளால் சுற்றி வளைக்க முடியாது. அங்கே குடியேறிகள்தான் சரி. சில நாகரிகங்களுக்கோ இந்தத் தொடக்கம் அளவெடுத்துத் தைத்தது. சுமேரியாவின் கில்காமேஷுக்கு எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே 30 வலிமையுள்ள போர்த்தேர் முதல் சுற்றிலிருந்தே கிடைக்கிறது. நுபியாவின் வில்லாளிகள் மற்றவர்களைவிட வேகமும் வலிமையும் கூடியவர்கள். இந்தியாவின் சந்திரகுப்த மௌரியரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சற்றுப் பொறுக்கலாம். அர்த்தசாஸ்திரத்தின் பெயரால் அவருக்குத் தரப்பட்ட சிறப்பு, விரிவாக்கப் போரை அறிவித்த முதல் பத்துச் சுற்றுகளுக்குப் படைகளின் வேகத்தையும் வலிமையையும் கூட்டுவது, ராணுவப் பயிற்சி என்னும் படிக்குப் பிறகே திறக்கிறது. அதுவும் எண்பதாம் சுற்றுக்கு வெகு முன்பே எட்டிவிடக்கூடியதுதான்.

நகரங்களைப் பிடிப்பதை இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவது சரிதானா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஆட்டத்தில் ஒரு நகரம் விழும்போது மக்கள்தொகை எண் குறைகிறது; அகதிகள் கிளம்புவதில்லை, பஞ்சம் வருவதில்லை, இறந்தவர்களுக்குப் பெயர் இல்லை. அந்தக் குறை உண்மையானது. ஆட்டத்தை வரலாற்றுப் பாடமாக நினைக்கும் பிள்ளைகளிடம் பெற்றோரும் ஆசிரியரும் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்காக ஆட்டத்தை மோசமாக ஆடச் சொல்வதில் அர்த்தமில்லை. இருநூறு சுற்று பொறுத்து, அணுகுண்டோடு அதே நகரங்களுக்குப் போவது எந்த வகையிலும் அதிக அறமுடையது ஆகிவிடாது.

முதல் போரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் தேர்ந்தவர்களும் சறுக்குகிறார்கள். தொடர் வெற்றி தரும் உற்சாகத்தில் அடுத்த நாட்டின் மீதும் அதே வில்லாளிகளோடு பாய்வார்கள். அதற்குள் அங்கே மதில் எழுந்திருக்கும். நிறுத்தும் இடத்தை எதிரியின் மதில்தான் சொல்ல வேண்டும். ஒற்றர் இரண்டாம் நாட்டின் நகரங்களில் மதிலைப் பார்த்துவிட்டார் என்றால், பிடித்த நகரங்களைச் சீர்ப்படுத்தும் நேரம் வந்துவிட்டது. முதல் எதிரிக்கு ஏதாவது ஒரு மூலை நகரம் மீதமிருந்து, அது எட்டாத இடத்தில் இருந்தால், பிடித்தவற்றை எழுதி வாங்கிக்கொண்டு சமாதானம் செய்யலாம். சமாதானம் குறைந்தது பத்துச் சுற்று உறுதி. அந்த இடைவெளியில் குடியேறிகள், ஆராய்ச்சி வளாகங்கள், வணிகப் பாதைகள் எல்லாம் வரலாம். மதில் இடிக்கும் தூலத்தையும் அதன் பின்னால் செல்ல வாள்வீரர்களையும் ஏற்பாடு செய்துகொண்டு, வில்லாளிகளைக் குறுக்குவில்லுக்கு உயர்த்தப் பொன் சேர்த்த பிறகு இரண்டாம் போரைத் தொடங்கலாம். முதல் போரில் கிடைத்த நகரங்கள் அதற்குள் தங்கள் செலவைத் திருப்பித் தந்திருக்கும்.