தப்ரொபானே ஒரு சமன்பாடு இல்லை

எங்கட பட்ச்சில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகச் செய்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள். பண்டைய கடலோடிகள் இலங்கைக்கு வைத்த பெயர்கள் பற்றியது அவளுடைய இறுதியாண்டு ஆய்வேடு. அச்சடிக்கக் கொடுத்த கடையிலிருந்து அண்ணை கோல் எடுத்தார். "தங்கச்சி, 32ஆம் பக்கத்தில பெட்டி பெட்டியா என்னவோ கிடக்கு. அப்பிடியே அடிக்கட்டோ?" நாங்கள் மூன்று பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினோம். அவர் சொன்னது சரிதான். 'தப்ரொபானே' என்ற சொல் கிரேக்க எழுத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்பது வெறும் பெட்டிகள் வரிசையாக நின்றன. தொலமி என்ற புவியியலாளர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எங்கட தீவுக்கு எழுதிய பெயர் அது.

"கணக்குக் குறியோ? கலைப்பீடத்துக்கு உது எதுக்குத் தங்கச்சி?" என்று அண்ணை கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார், நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் அடுத்த இரண்டு கிழமையும் அதே கேள்வியை, எங்களைவிட எவ்வளவோ படித்த ஆட்களிடமிருந்து, பகிடி இல்லாமல் கேட்கவேண்டி வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். விஞ்ஞானபீடத்து நண்பன் ஒருவன் தந்த லேடெக் மாதிரிக் கோப்பில் ஆய்வேட்டை எழுதினோம். லேடெக் தெரியாதவர்களுக்காக: வேர்டில் மாதிரி பார்த்துப் பார்த்து அலங்கரிக்கிற வேலை இதில் இல்லை. வெறும் எழுத்துக் கோப்பில் 'இது தலைப்பு', 'இது அடிக்குறிப்பு' என்று கட்டளை எழுதுவோம். மென்பொருள் அதை வாசித்துப் பக்கத்தை அமைத்து பீடிஎஃப் ஆகத் தரும். அடிக்குறிப்புகளுக்குள் மூழ்கிப்போகிற வரலாற்று மாணவருக்கு இது பெரிய உதவி. தமிழ் எழுத வேண்டும் என்பதால் ஸீலேடெக் என்ற வடிவத்தைப் பாவித்தோம். அதற்கு யூனிகோட் எழுத்துருக்கள் நேரடியாகவே விளங்கும்.

பிழை அங்கேதான் நுழைந்தது. நாங்கள் தெரிந்தெடுத்த தமிழ் எழுத்துருவுக்குள் கிரேக்க எழுத்துகள் இல்லை. இல்லாத எழுத்தைக் கண்டால் மென்பொருள் வேலையை நிறுத்திக் கத்தும் என்று நம்பியிருந்தோம். அது கத்தவில்லை. பதிவுக்கோப்பின் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில், இந்த எழுத்துருவில் இந்த எழுத்து இல்லை என்று ஒரு வரியை எழுதிவிட்டுப் பேசாமல் பீடிஎஃப்பைத் தந்துவிட்டது. பதிவுக்கோப்பை யார் வாசிக்கிறது? கடை அண்ணை பார்த்திருக்காவிட்டால் அந்தப் பெட்டிகள் தங்க எழுத்து அட்டை போட்டு நூலகத்துக்கே போயிருக்கும்.

நண்பனைக் கேட்டோம். "சிம்பிள் மச்சான், ரெண்டு டொலர் குறிக்கு நடுவில போடுங்கோ, வந்திடும்." போட்டோம், வந்தது. வந்ததைப் பார்த்த தோழி அழாத குறை.

டொலர் குறிக்குள் போனதும் லேடெக் அதைக் கணிதம் என்று எடுத்துக்கொள்ளும். அங்கே சொல் என்று ஒன்று கிடையாது, மாறிகள்தான். இரண்டு எழுத்து பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றை மற்றதால் பெருக்குகிறோம் என்று அர்த்தம். ஆகவே எங்கட தீவின் பெயர் தௌ பெருக்கல் அல்பா பெருக்கல் பை பெருக்கல் ரோ என்று, சரிந்த எழுத்தில், ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. அதிலும் எல்லாம் கிரேக்கம் இல்லை. அடிப்படை லேடெக்கின் கணிதக் கட்டளைகளில் கிரேக்கப் பெரிய எழுத்து 24இல் 11தான் உண்டு. மிச்சம் 13உம் ஆங்கில எழுத்தின் உருவத்திலேயே இருப்பதால் ஆங்கிலத்தை அடி என்று விட்டுவிட்டார்கள். தௌவின் பெரிய எழுத்து அந்த 13இல் ஒன்று. சின்ன எழுத்துகளில் ஒமிக்ரோன் இல்லை. 2021 நவம்பருக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேள்விப்படாத ஆளே நாட்டில் இல்லை, ஆனால் பார்க்க ஆங்கில 'ஓ' மாதிரி இருப்பதால் கணிதக்காரருக்கு அது தேவைப்படவில்லை. ஒன்பது எழுத்துச் சொல்லில் இரண்டு ஆங்கிலம். ஏழாவது எழுத்தின் மேல் இருக்க வேண்டிய அழுத்தக்குறியும் காணாமல் போயிருந்தது. இந்த பீடிஎஃப்பில் கிரேக்கச் சொல்லைப் போட்டுத் தேடினால் ஒருநாளும் அகப்படாது.

இதையாவது பொறுத்திருக்கலாம். அடுத்த பக்கத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தொலமி தன் நூலில் இந்தத் தீவு 'பலை சிமுண்டு' எனப்பட்டது, இப்போது சாலிக்கே என்கிறார். கிரேக்கத்தில் 'பலை' என்றால் முன்னாளில். அதாவது முன்னாளில் சிமுண்டு என்று அழைக்கப்பட்ட தீவு. ஆனால் அவருக்கு முந்தி, கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடற்பயணக் கையேட்டில் 'பலைசிமுண்டு' என்பது ஒரே சொல்லாக, தீவின் பெயராகவே வருகிறது. உரோமரான பிளினியிடம் அதே பெயர் ஒரு நகரத்துக்கும் ஒரு ஆற்றுக்கும் போய்விடுகிறது. ஒரு பெயரை யாரோ இரண்டாக உடைத்தார்களா, அல்லது இரண்டு சொல்லை யாரோ ஒன்றாக ஒட்டினார்களா? மிகப் பழைய கிரேக்கப் படிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிற வழக்கம் இல்லை, எங்கட ஏட்டுச்சுவடிகள் மாதிரி. அதனால் இது நெடுநாளாக நடக்கிற விவாதம். தோழியின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு இடைவெளியைப் பற்றியது.

டொலர் குறிக்குள் நீங்கள் அடிக்கிற இடைவெளியை லேடெக் கணக்கில் எடுக்காது. கணிதத்தில் எங்கே எவ்வளவு வெளி வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும். அதனால் 'பலை சிமுண்டு'வும் 'பலைசிமுண்டு'வும் இரண்டு வரிகளிலும் ஒரே மாதிரி, ஒட்டியபடி அச்சாகியிருந்தன. அத்தியாயத்தின் வாதம் அந்தப் பக்கத்திலேயே செத்துப்போனது. இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் என்று எழுதியிருக்கிறாள், வாசிக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. பரீட்சகர் என்ன நினைப்பார்?

"இடைவெளிக்குத் தனிக் கட்டளை இருக்கு, போடுங்கோ" என்றான் நண்பன். இருக்குத்தான். ஓட்டையை அடைக்க ஒரு கட்டளை, அழுத்தக்குறிக்கு ஒரு கட்டளை, சரிவை நிமிர்த்த இன்னொன்று. கணிதத்துக்குச் செய்த பெட்டிக்குள் ஒரு மொழியை மடக்கி வைத்துவிட்டு, கையும் காலும் வெளியில் நிற்கிறது என்று பிறகு துணியால் மூடுகிற வேலை இது.

நண்பனைக் குறை சொல்லவில்லை, அவன் கண்ட கிரேக்கம் எல்லாம் குறிகள்தான். எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் அறிமுகம்: பை என்றால் வட்டம், தீற்றா என்றால் கோணம். அது ஒரு மொழியின் எழுத்து, அதில் ஆட்கள் கடிதம் எழுதுகிறார்கள், பஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள் என்பது மறந்தே போகும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டொனால்ட் நூத் என்ற கணினி விஞ்ஞானி 1977இல் தன் நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த அச்சுப்படியின் கோலத்தைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் டெக் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியதுதான் லேடெக். அந்த 'டெக்' என்ற பெயரே கிரேக்கம். தௌ, எப்சிலோன், கை. கலைக்கும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்துக் கிரேக்கர் வைத்திருந்த 'தெக்னே' என்ற சொல்லின் தொடக்கம். கடைசி எழுத்தை ஆங்கில 'எக்ஸ்' என்று வாசிக்கக்கூடாது என்று நூத்தே சொல்லியிருக்கிறார்.

எழுத்தைக் குறியாகவோ வேடமாகவோ வைத்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கைத் தமிழருக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்களிடம் பாமினி இருந்தது, இன்னும் இருக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்று நீங்கள் காண்பது கணினிக்குத் தமிழே இல்லை. ஆங்கில ஜே, கே, பீ, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு என்கிற முகமூடி விழுந்த அன்று அந்த ஆங்கிலக் குப்பை வெளியில் வரும். அக்காமாரின், அண்ணைமாரின் பழைய கோப்புகளைத் திறந்த எல்லாருக்கும் அந்தப் பக்கம் தெரியும்.

கிரேக்கத்துக்கும் அதே மாதிரி ஒரு முகமூடி வேர்டில் பல காலம் இருந்தது, 'சிம்பல்' என்ற எழுத்துரு. அதைத் தெரிவு செய்து 'எம்' அடித்தால் மியூ வரும். (பாமினியில் அதே 'எம்' அடித்தால் 'அ' வரும். ஒரே சாவி, இரண்டு வேடம்.) மியூவும் 'ஜி'யும் சேர்ந்தால் மைக்ரோகிராம். கோப்பு வேறு கணினிக்குப் போய் எழுத்துரு கழன்றால் மியூ பழையபடி 'எம்' ஆகிவிடும், மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். மருந்தின் அளவு 1000 மடங்கு! பெட்டி வந்தாலாவது ஏதோ பிழை என்று அண்ணை கோல் எடுப்பார். இங்கே பிழையும் சரி மாதிரியே இருக்கும். கையெழுத்திலும் இதே குழப்பம் வருவதால்தான் மருந்துச் சீட்டில் மியூவே போடாதீர்கள், ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதுங்கள் என்று மருந்துப் பாதுகாப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன.

யூனிகோட் வந்த பிறகு கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி வீடு இருக்கிறது. அதிலும் மியூவுக்கு இரண்டு விலாசம் கிடக்கு, மைக்ரோ குறி என்று ஒன்று, கிரேக்க எழுத்து என்று இன்னொன்று. பார்க்க ஒரே மாதிரி, கணினிக்கு வேறு வேறு. பழைய குறித்தொகுதிகளிலிருந்து வந்த கடன். கிரேக்கச் சொல்லுக்குள் மைக்ரோ குறியைப் போடாமல் இருந்தால் சரி.

கடைசியில் எங்கட பிரச்சினை நாலு வரியில் தீர்ந்தது. ஸீலேடெக்கில் எழுத்துருக்களை அழைக்கிற பொதி ஒன்று இருக்கிறது, பொன்ற்ஸ்பெக். அதை வைத்துத் தமிழுக்கு ஒரு எழுத்துரு, கிரேக்கத்துக்கு ஒரு எழுத்துரு என்று கோப்பின் தலையில் அறிவித்தோம். கிரேக்கத்துக்குக் கிரேக்க எழுத்துருக் கழகம் இலவசமாக வெளியிட்ட ஒன்றை எடுத்தோம். அழுத்தக்குறிகள் எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கின்றன. பிறகு ஒரு குட்டிக் கட்டளை: இதற்குள் வருவது கிரேக்கம். அவ்வளவுதான். சொல்லை யூனிகோடில் உள்ளபடியே ஒட்டினோம். இடைவெளி இடைவெளியாக நின்றது, அழுத்தக்குறி தலையில் நின்றது, தேடினால் அகப்பட்டது. பழைய பீடிஎஃப்-லேடெக்கையே பாவிக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. முழுச் சொற்களுக்கு பேபல் பொதியின் கிரேக்கத் தெரிவு, ஒரு அல்பா மட்டும் வேண்டுமென்றால் ரெக்ஸ்ட்கிரீக் பொதி. டொலர் குறியைச் சமன்பாட்டுக்கு வையுங்கோ.

இதைச் சொன்னபோது எங்களுக்குக் கிடைத்த மறுப்பு ஒன்று நியாயமானது. 'பலை சிமுண்டு' என்று தமிழிலேயே எழுதினால் போதாதா, ஏன் கிரேக்கத்தைக் காட்ட வேண்டும், படிப்பைக் காட்டுகிற வேலையா? பெரும்பாலும் போதும். வாக்கியத்துக்குள் தமிழ் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கட கட்சியும். தமிழ்க் கட்டுரைக்குள் பிறமொழி எழுத்தைத் தூவி அழகு காட்டுகிற பழக்கம் எங்களுக்கும் எரிச்சல். ஆனால் வாதமே எழுத்தில் நிற்கிற இடத்தில் மூலத்தைக் காட்டாமல் எப்படி நிறுவுவது? கல்வெட்டுப் படிக்கிறவர் பிராமி எழுத்தைக் காட்டாமல் விடுவாரா?

எரிச்சலான மறுப்பு மற்றது. உது விஞ்ஞானபீடத்துச் சாமான், உங்களுக்கு வேர்ட் போதும். சமூகவியலில் வினாக்கொத்துச் செய்கிறவர்கள் குரொன்பாக் அல்பா எழுதுகிறார்கள், புவியியலில் கைவர்க்கச் சோதனை போடுகிறார்கள், மெய்யியலில் லோகோஸ் இல்லாமல் முதல் வருடமே நகராது. சமூக விஞ்ஞானங்களில் பலர் பின்பற்றுகிற ஏ.பி.ஏ. நடைமுறை கிரேக்க எழுத்தைச் சரிக்காமல் நிமிர்த்தியே போடச் சொல்கிறது. அதாவது டொலர் குறிக்குள் போட்ட அல்பா அங்கேயும் பிழை. கிரேக்க எழுத்தை எழுத்தாக எழுத வேண்டிய தேவை அந்தப் பீடத்தைவிட எங்கட பீடத்துக்குத்தான் அதிகம். ஆனால் முதல் வருடக் கணினி வகுப்பில் எங்களுக்குக் காட்டியது வேர்டில் எழுத்தைத் தடிப்பாக்குவது எப்படி என்பதை. தமிழில் ஆய்வேடு எழுதப்போகிற ஒரு பிள்ளைக்கு யூனிகோட் என்றால் என்ன, எழுத்துரு என்றால் என்ன, ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துமுறையை எப்படி வைப்பது என்று இரண்டு மணித்தியாலம் சொல்லித்தர ஆள் இல்லையா? பாளி, சமஸ்கிருதம், அரபு, சிங்களம் என்று மூலம் பார்க்கிற எல்லாருக்கும் உதவுமே. இதைத் துறையில் கேட்டிருக்கிறோம். யோசிப்பம் என்றிருக்கிறார்கள்.

ஆய்வேடு திரும்ப அடிக்கப்பட்டது. 32ஆம் பக்கத்தை அண்ணை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் அந்தப் பெட்டியோ?" என்று கேட்டார். தோழி விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினாள். அந்த நாலு வரியும் குட்டிக் கட்டளையும் உள்ள மாதிரிக் கோப்பு எங்களிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கோ, அனுப்புகிறோம். பதிவுக்கோப்பை மட்டும் நீங்களே வாசியுங்கோ.