சோறில்லாத சோறு

தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும்போது உதிரும் பழுப்புநிறத் தூளுக்கு மலையாள நாட்டார் ‘சகிரிச்சோறு’ என்று பெயர் வைத்துள்ளனர். ஈழத் தமிழர் அதனையே ‘தும்புச்சோறு’ என்பர். நம் வேளாண்மை நூல்கள் ‘தென்னை நார்க்கழிவு’ என்கின்றன; கடைக்காரர்களோ ‘கோகோபீட்’ என்று விற்கின்றனர். பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. பசுமைக்குடில் அமைத்துத் தொட்டிகளிலும் பைகளிலும் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவற்றைப் பயிரிடும் நம் குடும்பங்கள் சில, மண்ணை விட்டு இதற்கு மாறலாமா என்று எண்ணமிடுகின்றன. கடன் வாங்கியும் மானியம் பெற்றும் முதல் போட்ட தொழில் இது. ஒரு பருவம் பொய்த்தால் வட்டி ஒன்றே வளரும். ஆதலின், மாறுவதற்கு முன் அறிய வேண்டியவற்றை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

நாம் கூற வந்தது சுருக்கமாக இதுவே: பெயரில் சோறு இருப்பினும், அதனுள் செடிக்குச் சோறு இல்லை. மண் செடிக்குத் தாய். கோகோபீட்டோ தொட்டில் மட்டுமே. தொட்டிலில் இட்டவரே வேளை தவறாமல் ஊட்டவும் வேண்டும்.

மண்ணை ஏன் விடுகின்றனர்?

நிலத்தில் கிடக்கும் வரை மண்ணில் பெருங்குறை இல்லை. அதனை அள்ளித் தொட்டியில் இடும்போதே குறை தொடங்குகிறது. வயலில் பாய்ந்த நீரைக் கீழுள்ள ஆழமான மண் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஓரடி உயரத் தொட்டியில் அவ்வாறு இழுப்பதற்கு ஏதுமில்லாமையால் அடிப்பகுதி சேறாகவே நிற்கிறது. நாள்தோறும் நீர் ஊற்ற ஊற்ற மண் இறுகுகிறது. வேருக்குக் காற்றும் கிட்டுவதில்லை.

பசுமைக்குடிலுக்குள் வேறு இரு தொல்லைகளும் உண்டு. கூரை மழையைத் தடுத்துவிடுவதால், இட்ட உரத்தின் உப்புகள் கழுவப்படாமல் மண்ணிலேயே சேர்கின்றன. ஒரே பயிரை மீண்டும் மீண்டும் வைப்பதால், வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் குடிபுகுந்துவிடுகின்றன. பிடுங்கிய செடியின் வேரில் மணிமணியாக முடிச்சுகள் தென்பட்டால் நூற்புழு வந்துவிட்டது என்று அறியலாம். பல இலட்சம் செலவிட்டு எழுப்பிய குடிலைப் பெயர்த்து வேறிடத்தில் நடவும் இயலாதன்றோ?

மேலைநாட்டு உழவரும் இத்தகைய தொல்லைகளாலேயே மண்ணைத் துறந்தனர். நெதர்லாந்தின் வெஸ்ட்லாந்துப் பகுதி கண்ணாடிக் குடில்களுக்குப் பேர்பெற்றது. 1970-களிலிருந்து அந்நாட்டினர் மண்ணை நீக்கிவிட்டு, பாறையை உருக்கி நூற்ற ‘ராக்வூல்’ என்னும் கம்பளி போன்ற பொருளில் காய்கறி வளர்க்கத் தலைப்பட்டனர். மண்ணிலுள்ள புழுக்களையும் பூசணத்தையும் கொல்லப் பலரும் பயன்படுத்திய மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது தெரிய வந்தது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சில விலக்குகள் நீங்கலாக, வளர்ந்த நாடுகள் 2005-இல் அதனைக் கைவிட்டன.

தொட்டிச் செடிகளுக்கு ஐரோப்பியர் நெடுங்காலமாக இட்டு வந்தது ‘பீட்’ என்னும் சதுப்புநில மக்கு. அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உருவாவது. அதனைத் தோண்டினால் பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த கரிமம் காற்றில் கலந்துவிடும். பீட்டுக்கு மாற்றுத் தேடியவர்களின் கண்ணில் பட்டதே நம் தென்னை நார்க்கழிவு.

குப்பைமேட்டிலிருந்து கப்பலுக்கு

ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் மிஞ்சும். ‘லிக்னின்’ என்னும் மரப்பொருள் அதில் மிகுதியாக இருப்பதால் எளிதில் மக்காது. பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள நார் ஆலைகளின் புறத்தே அது குன்றுபோல் குவிந்து, காற்றில் பறந்து, எவருக்கும் வேண்டாப் பொருளாய்க் கிடந்த காலம் உண்டு. இன்று அதே தூள் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. அண்மை ஆண்டுகளில் இந்தியாவின் தென்னை நார்ப்பொருள் ஏற்றுமதியில் முதலிடம் பெறுவது கயிறுமன்று, பாயுமன்று, இத்தூளே.

இதன் சிறப்பு யாதெனில், தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு வரை நீரைத் தாங்கிக்கொண்டும், வேருக்கு வேண்டிய காற்றுக்கும் இடம் விடுவதாகும். காய்ந்தாலும் மீண்டும் எளிதில் நனையும். ஐந்து கிலோ கட்டி ஒன்றை நீரில் ஊறவைத்தால் ஏறத்தாழ எழுபது லிட்டர் அளவுக்கு உப்பும். நூற்புழுவும் வாடல் நோய்க் கிருமியும் குடியிருக்கும் பழைய மண் இல்லாமையால், செடி புதுமனையில் வாழ்வைத் தொடங்குகிறது. தூய்மையான நாற்றும் தூய்மையான நீரும் உடன் அமைய வேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

முதற் கடமை: உப்பு நீக்கல்

தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவை உண்டு. காயல் நீரில் ஊறவைத்த மட்டையாயின் உப்பு மேலும் மிகும். உப்பின் அளவை ‘ஈ.சி.’ என்னும் மின்கடத்துதிறன் காட்டும். கையடக்கமான கருவி கொண்டு இதனை நாமே அளக்கலாம். 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழ்ப்பட்டதையே ‘குறைந்த உப்பு’ வகை என வணிகர் விற்கின்றனர். விலை மலிவு என்று கழுவாத கட்டியை வாங்கி நட்டால், இளநாற்றின் இலைநுனி கருகும்.

கழுவிவிட்டால் மட்டும் வேலை தீர்ந்துவிடாது. நீரில் கரைந்த உப்பு கழுவினால் போகும். தூளின் உடம்போடு ஒட்டியுள்ள பொட்டாசியமும் சோடியமும் வெறும் நீருக்கு இணங்கா. நாம் ஊட்டும் உரநீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தூள் பறித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகத் தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் செடிக்குத் தள்ளும். அதன் விளைவாகத் தக்காளிக் காயின் அடிப்புறம் கருத்து அழுகுவதும், முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாய் நிற்க இடைப்பகுதி மஞ்சளாவதும் காணலாம். நோய் என்று எண்ணி மருந்து தெளிப்போர் உண்டு. உண்மையில் அது பசி.

ஆதலின், கட்டியை முதலில் நல்ல நீரில் அலசி, பின்னர்க் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவேனும் ஊறவைத்து, மறுபடியும் நல்ல நீரில் அலசியே நிரப்புதல் வேண்டும். இவ்வாறு பக்குவம் செய்யப்பட்ட கட்டிகளும் விற்பனைக்கு உண்டு. விலை சற்றுக் கூடுதலாயினும் புதிதாகத் தொடங்குவோருக்கு அதுவே ஏற்றது.

இரண்டாம் கடமை: நாள்தோறும் ஊட்டல்

மண் மறதிக்காரரையும் பொறுத்துக்கொள்ளும். நாம் ஒரு வாரம் உரமிட மறந்தாலும் தன் சேமிப்பிலிருந்து செடிக்குப் பகிர்ந்தளிக்கும். கோகோபீட்டில் அத்தகைய சேமிப்பு இல்லை. பேரூட்டம், நுண்ணூட்டம் அனைத்தும் நாம் விடும் நீரோடுதான் செல்ல வேண்டும். பலரும் நம்பியிருக்கும் 19:19:19 உரத்தில் கால்சியம் இல்லை. அதை மட்டும் கரைத்துவிட்டுப் பலனை எதிர்பார்த்தல் வீண்.

கால்சியம் நைட்ரேட்டையும், சல்பேட், பாஸ்பேட் அடங்கிய உரங்களையும் செறிந்த கரைசலாக ஒரே பீப்பாயில் கலத்தல் ஆகாது. கலந்தால் அவை சுண்ணாம்புபோல் அடியில் படியும். சொட்டுநீர்க் குழாய் அடைபடும். இரண்டு பீப்பாய்கள் வைத்துத் தனித்தனியே கரைத்து, பாசன நீரில் சேர்க்கும்போதே ஒன்றாக்குதல் வேண்டும். உரநீரின் பி.எச். அளவு 5.5-க்கும் 6.5-க்கும் இடைப்பட்டிருப்பது நன்று.

நீரை ஒரேயடியாக ஊற்றாமல், சிறிது சிறிதாகப் பலமுறை விடுதல் வேண்டும். விட்ட நீரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை பையின் அடியில் வடிந்து வெளியேற வேண்டும். இல்லையேல் உப்பு உள்ளேயே தங்கும். வடிந்த நீரின் ஈ.சி., விட்ட நீரினும் மிக உயர்ந்து காணப்பட்டால், செடி உண்டதினும் மிகுதியாக ஊட்டிவிட்டோம் என்பது பொருள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர்ச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அது ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்தல். நீரே உப்பாயின் கோகோபீட்டும் உதவாது. மின்சாரம் நின்றால் மண்ணில் நிற்கும் செடி ஒரு நாள் தாங்கும். பையில் நிற்கும் செடி கோடை வெயிலில் அரைநாளில் துவளும். உயரத்தில் ஒரு நீர்த்தொட்டி அமைத்து, மின்சாரமின்றியும் நீர் இறங்க வழி செய்தல் அறிவுடைமை.

மூன்றாம் கடமை: அண்டை வீட்டுக் கிணறு

தூளைக் கழுவிய நீர் எங்கே செல்கிறது? இவ்வினாவை நாம் கேட்பதே இல்லை. பொள்ளாச்சி வட்டாரத்தில் அந்நீரால் நிலத்தடி நீர் கெட்டது என்று கிராம மக்கள் முறையிட்டதுண்டு. 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை ‘வெள்ளை’ வகையிலிருந்து, கட்டுப்பாடுகள் மிகுந்த ‘ஆரஞ்சு’ வகைக்கு மாற்றியது. எங்கோ ஒரு நாட்டின் சதுப்புநிலம் பிழைத்து, நம் ஊர்க் கிணறு கெடுமாயின் அதனை நன்மை என்று எங்ஙனம் கூறுவது?

வீட்டளவில் கழுவுவோர் இதற்கு எளிய வழி காணலாம். தென்னை பொட்டாசியத்தை விரும்பி உண்ணும் மரம்; ஓரளவு உப்பையும் தாங்கும். கழுவிய நீரை ஒரே இடத்தில் தேக்காமல், பல தென்னைகளின் பாத்திகளுக்குச் சிறிது சிறிதாகப் பகிர்ந்து விடலாம். மட்டையிலிருந்து வந்தது மரத்துக்கே திரும்பும். பைகளிலிருந்து வடியும் உரநீரில் நைட்ரேட் உண்டு. அதனையும் வாய்க்காலில் விடாமல், தீவனப்புல்லுக்கோ வாழைக்கோ திருப்புதல் வேண்டும்.

யார் மாற வேண்டா?

நல்ல மண்ணும் திறந்த வயலும் உடையோர் மாற வேண்டுவதில்லை. நூற்புழுத் தொல்லை உள்ளோரும் உடனே மண்ணைத் துறக்க வேண்டுவதில்லை. கோடையில் ஈரமண்ணின்மேல் நிறமற்ற பாலித்தீன் விரிப்பை மூடி வெயிலில் காயவிடுதல், பயிர்ச் சுழற்சி செய்தல் ஆகிய வழிகள் உண்டு. கத்தரியைக் காட்டுச்சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நட்டால், நூற்புழுவையும் வாடல் நோயையும் பெரிதும் தாங்கி நிற்கும். மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்போர், மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு எனக் கலந்துகொண்டால் போதும். கருவியும் இரட்டைப் பீப்பாயும் அவர்களுக்கு எதற்கு?

நோய் மண்டிய குடிலை வைத்துக்கொண்டு, நல்ல நீரும் நாள்தோறும் கவனிக்க ஓர் ஆளும் உடையோர் மாறலாம். அவர்களும் குடில் முழுவதையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டா. ஒரு வரிசையை மட்டும் மாற்றி ஒரு பருவம் பழகிப் பார்க்கட்டும். காலையும் மாலையும் ஈ.சி., பி.எச். அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். படிக்கும் பிள்ளைகளிடமே இப்பணியை ஒப்படைக்கலாம். ஐயம் எழுந்தால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுக.

நன்கு பேணினால் ஒரு முறை நிரப்பிய கோகோபீட் இரண்டு மூன்று பயிருக்கு உதவும். பின்னர் அதனை எறிந்துவிடாமல், நோயற்றதாயின் சாணத்தோடு சேர்த்து மக்கவைத்துத் தோப்புக்கு இடுக. மண்ணின் ஈரத்தை அது காக்கும். மண்ணை விட்டு மாறினாலும், முடிவில் நாம் மண்ணுக்குத்தான் கடன் செலுத்துகிறோம்.

மண் இதுநாள் வரை நமக்காகச் செய்துவந்த வேலைகள் எத்தனை என்பது, அதனை விட்டு விலகும்போதுதான் தெரிகிறது. ஊட்டியது, சேமித்தது, பொறுத்தது ஆகிய அம்மூன்றையும் நாமே செய்ய ஆயத்தமானால், தென்னை நமக்கு இன்னும் ஒரு வாழ்வு தரும். ஆயத்தமாகாதவர் மண்ணோடு இருப்பதே நலம்.