நம்பிக்கை மலிவுச் சரக்கு இல்லை

நல்லபடியாக முடிகிற நாவல் என்றாலே நம் ஆட்களுக்கு இளக்காரம். "கடைசியில் கல்யாணமா? சரிதான் போ!" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நானும் பிதுக்கியவன்தான். என் வாயை அடைத்தது, 1862இல் விக்டர் யூகோ எழுதி வெளிவந்து, சுத்தானந்த பாரதியார் வழியாகத் தமிழுக்கு வந்த 'ஏழை படும் பாடு'.

கொசெத்துக்குக் கல்யாணம் நடக்கிறது, வாஸ்தவம். அதற்கு விலை கொடுத்தது யார்? அவளை வளர்க்கப் பணம் அனுப்பவேண்டி முடியை விற்று, இரண்டு முன்பற்களையும் விற்றுச் செத்தாள் அம்மா ஃபான்தீன். ரொட்டி திருடி, தப்பியோடப் பார்த்ததற்கும் சேர்த்து 19 வருஷம் கிடந்து வந்த வால்ழான், அவளுடைய காதலனைத் தோளில் சுமந்து பாரிஸ் சாக்கடைக்குள் நடந்தான். இத்தனையும் மறைக்காமல் சொன்ன பிறகுதான் யூகோ காதலைச் சேர்த்துவைக்கிறார்.

ஃபான்தீன் ஆசைப்பட்டது மகள் நன்றாக இருக்கணும் என்பது மட்டும்தான். அதையும் கொடுக்காதே என்று சொல்ல நமக்கென்னங்க யோக்கியதை இருக்கு?