எல்லை விரியட்டும், மக்களின் குரல் சுருங்கலாகாது

அலர்மேல்மங்கைத் தாயார் கோயிலால் நாடறிந்த திருச்சானூர், நிர்வாக ஏட்டில் திருப்பதி ஊரக மண்டலத்தைச் சேர்ந்த ஒரு கிராமப் பஞ்சாயத்து. வளர்ந்துவரும் திருப்பதி மாநகரம் அதன் வாசலைத் தொட்டுவிட்டது. சுற்றுப்புறப் பஞ்சாயத்துகளை மாநகராட்சியுடன் இணைத்துப் பெருநகராக்கும் பேச்சு வலுத்துள்ளது. சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை என ஆதாயங்கள் அடுக்கப்படுகின்றன. பிரதிநிதித்துவம் என்னவாகும் என்ற கேள்வியோ பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

ஆந்திரப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1994-இன்படி ஒரு பஞ்சாயத்தில் மக்கள்தொகைக்கேற்ப 5 முதல் 21 வரை உறுப்பினர்கள் இருப்பர். சர்பஞ்சை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். திருப்பதி மாநகராட்சியின் டிவிஷன்கள் 50; 2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை சுமார் 2.87 லட்சம். ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 5,700 பேர். இதே விகிதம் தொடர்ந்தால், இருபதாயிரம் பேர் வாழும் ஊருக்கு 21 வரையிலான உறுப்பினர்களுக்குப் பதிலாக மூன்று அல்லது நான்கு பேரே மிஞ்சுவர். மேயரைத் தேர்ந்தெடுப்பது மன்றமே. கிராம சபை மறையும். ஊரக வேலை உறுதி உரிமையும் விவசாயத் தொழிலாளரின் கையைவிட்டுப் போகும்.

கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதும் அரசியலே. ஒரு தலித் குடியிருப்பை இரண்டு டிவிஷன்களாகப் பிளந்தால், இரண்டிலும் அதன் வாக்கு வலுவிழக்கும். இடஒதுக்கீட்டு வார்டுகளின் தேர்வும் இந்தக் கோடுகளையே சார்ந்தது.

மறுவரையறையின் பெயரால் தேர்தல் தள்ளிப்போகும் ஆபத்தும் உண்டு. 2007 மார்ச்சில் மாநகராட்சியாக உயர்ந்த திருப்பதி, தன் முதல் மாநகராட்சித் தேர்தலைக் கண்டது 2021 மார்ச்சில்தான். பதினான்கு ஆண்டுகள் அதிகாரிகளின் ஆட்சி! தமிழகத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஆளும் கட்சிகள் மாறினாலும் இந்நோய் மாறவில்லை. ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. வார்டு மறுவரையறை அதற்குச் சாக்காகாது என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-இலேயே உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

நகர வளர்ச்சியை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை. மக்களைக் கேளாத இணைப்பையே எதிர்க்கின்றனர். கிராம சபையின் ஒப்புதலின்றி எந்த ஊரும் இணைக்கப்படக் கூடாது. டிவிஷன் வரைவு தெலுங்கிலும், தமிழர் வாழும் பகுதிகளில் தமிழிலும் தெருத்தோறும் வைக்கப்பட்டு, ஆட்சேபங்களுக்குப் போதிய அவகாசம் தரப்பட வேண்டும். தேர்தல் நாள் இணைப்பு ஆணையிலேயே இடம்பெற வேண்டும்.

வரைவு வெளியானபின் விழித்தெழுவதில் பயனில்லை. பூ விற்போர், விடுதித் தொழிலாளர், குத்தகை விவசாயிகள் ஆகியோரிடம் தோழர்கள் இன்றே வரைபடத்துடன் செல்ல வேண்டும். அவரவர் தெரு எந்த டிவிஷனில் விழும் என்பதை அவர்களே முதலில் அறிந்திருக்க வேண்டும்.