சாணவண்டும் மழைப்பருவமும்

மாடுகள் மேய்ச்சல் நிலத்தில் இட்ட சாணம் மழைக்காலத்தில் ஓரிரு நாட்களில் மறைந்துபோவதையும், பங்குனி சித்திரையில் அதே சாணம் வரட்டியாய்க் காய்ந்து வாரக்கணக்காய்க் கிடப்பதையும் குடியானவர் யாவரும் கண்டிருப்பர். மழை கரைத்துவிட்டதென்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வேலையில் பெரும்பங்கு சாணவண்டுகளுடையதாகும்.

இவ்வண்டுகளிற் சில, சாணத்தை உருட்டிச் சென்று புதைப்பவை. ஜனங்கள் நன்கறிந்தவை இவையே. ஆயினும் சாணத்திற்கு நேர்கீழே வளை தோண்டி அதை உள்ளிழுத்துக்கொள்ளும் இனங்களே நிலத்திற்கு மிகுந்த உபகாரம் செய்வன. புதைத்த உருண்டையில் பெண்வண்டு முட்டையிடும். புழு அதைத் தின்று வளர்ந்து, மண் நனைந்தபின் வண்டாய் வெளிவரும். கோடையில் மண் இறுகிவிடுவதால் வளை தோண்டுதல் அரிது. சாணமும் சீக்கிரத்தில் மேலோடு கட்டிவிடும். ஆகையால் முதல் மழை விழுந்ததும் வண்டுகள் திரளாய்த் தோன்றி, மழைப்பருவம் முடிந்து மண் உலர உலர அருகிப்போகின்றன.

வளைகளின் வழியே மழைநீரும் காற்றும் மண்ணில் இறங்குகின்றன. வெயிலில் ஆவியாய்ப் போகவேண்டிய தழைச்சத்து நிலத்திலேயே தங்குகிறது. சாணத்தில் பெருகும் ஈக்களும், மாட்டின் குடற்புழுக்களும் இடமின்றிக் குறைகின்றன. இதன் மதிப்பை ஆஸ்திரேலியர் நஷ்டப்பட்டே உணர்ந்தனர். 1788-இல் அங்கு முதன்முதலாக மாடுகள் கொண்டுபோகப்பட்டன. கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகள் மாட்டுச் சாணத்தைப் பெரும்பாலும் தீண்டவில்லை. புல்தரை சாணத்தால் மூடுண்டது, ஈக்கள் பெருகின. ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்னும் பூச்சியியலார் தூண்டியதன்பேரில், 1960-களின் பிற்பகுதி தொடங்கி ஆப்பிரிக்கா முதலிய இடங்களிலிருந்து வண்டுகளை வருவித்து விட்டனர். ஒரே பருவத்தில் உழைக்கும் இனம் மற்றப் பருவத்திற்கு உதவாதென்பதால், பல இனங்களைத் தேட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் வண்டுகளை வருவிக்க வேண்டியதில்லை. இருப்பவற்றைக் கொல்லாதிருந்தால் போதும். இங்கேதான் கவலைக்கு இடமுண்டு. 1980-களில் கால்நடை வைத்தியத்தில் புகுந்த ஐவர்மெக்டின், குடற்புழுவிற்கும் உண்ணிக்கும் சிறந்த மருந்தே. ஆனால் அதன் பெரும்பகுதி சாணத்தின் வழியே வெளியேறி, சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரையில் வண்டின் புழுக்களைக் கொல்லும். இத்தீங்கு இங்கிலாந்தில் 1987-லேயே எடுத்துக்காட்டப்பட்டது. குடற்புழு நீக்கம் மழைத்தொடக்கத்தை ஒட்டியே நடப்பது வழக்கம். வண்டுகள் முட்டையிட வெளிவருவதும் அப்போதுதான். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் இம்மருந்தைக் கொடுத்து, மறுநாளே மேய்ச்சலுக்கு ஓட்டுவது அவ்வாண்டின் வண்டுச் சந்ததியை வேரறுப்பதற்கு ஒப்பாகும்.

மருந்தை விட்டுவிடலாமென்பது இதன் கருத்தன்று. புழுப்பிடித்த மாட்டை வைத்துக்கொண்டு வண்டைக் காப்பதில் பயனில்லை. கால்நடை மருத்துவரின் யோசனைப்படி, தேவையான மாடுகளுக்கு மட்டும் கொடுக்கலாம். வண்டுகளுக்கு மிகக் குறைந்த தீங்கே செய்யும் பென்பென்டசோல் போன்றவை பல சமயங்களில் போதும். ஐவர்மெக்டின் கொடுத்தே தீரவேண்டிய மாடுகளை இரண்டு வாரமாவது கொட்டிலில் கட்டித் தீனி போட்டு, அச்சாணத்தை எருக்குழியில் சேர்த்து நன்கு மக்கவிடுதல் நன்று.

எருக்குழி வேண்டுமென்று ஓயாது சொல்லிவிட்டு, சாணத்தை வண்டுக்கு விடும்படி சொல்வது முரணென்று சிலர் கேட்கக்கூடும். கொட்டில் சாணம் குழிக்கே உரியது; அதில் விவாதமில்லை. மேய்ச்சற் புறம்போக்கில் வரட்டிக்காக ஒன்றுவிடாமல் பொறுக்குவதே தவறு. மழை தொடங்கிய முதல் இரண்டு மாதமாவது அங்கு சாணம் பொறுக்குவதை நிறுத்திவைக்கக் கிராம அதிகாரிகள் ஊராரை இசைவிக்கலாம். அப்புறம்போக்கையே உழுது பயிரிட இடங்கொடுத்தால், வளைகளிலுள்ள புழுக்கள் கொழுமுனையில் சிதைந்துவிடும். பெரிய வண்டினங்களே முதலில் அற்றுப்போகும். மிகுதியான சாணத்தைப் புதைப்பவையும் அவைதாம்.