கிட்னியில் கட்டியா? கையெழுத்துக்கு முன்னால்...

போன மாதம் வீட்டம்மாவுக்கு வயிற்றுவலி. பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தால், வலது கிட்னியில் 3 செ.மீ. கட்டி என்று ரிப்போர்ட். பார்த்த டாக்டர், "கேன்சரா இருக்கலாம், கிட்னியை எடுத்துடலாம்" என்று அட்வான்ஸ் கவுண்டரைக் காட்டினார். ஊராக இருந்தால் யோசனை கேட்க நாலு பேர் இருப்பார்கள். பெங்களூரில் நான், அவள், என் அரைகுறைக் கன்னடம்.

இருபது வருஷமாகக் கடன் பத்திரங்களோடு குப்பை கொட்டுகிறவன். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி, படத்தில் முதலில் தேடியது கொழுப்பை. இருந்தது!

ஆஞ்சியோமயோலிப்போமாவாம். பெயர்தான் பூச்சாண்டி. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த, கேன்சர் அல்லாத கட்டி. நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். 4 செ.மீ. தாண்டினால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து கூடும். அப்போதும் மெல்லிய குழாய் விட்டுக் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்கலாம். இல்லை, கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாம்.

எல்லாருக்கும் இப்படிச் சுலபமாகத் தெரிந்துவிடாது. 2009-ல் மாண்ட்கோமரி, எப்ஸ்டீன் என்ற இரு நோய்க்குறியியல் நிபுணர்கள் அனாஸ்டமோசிங் ஹீமாஞ்சியோமா என்ற அபூர்வ ரத்தக்குழாய்க் கட்டியை விவரித்தார்கள். அதுவும் சாதுதான். ஆனால் ஸ்கேனில் கேன்சர் மாதிரியே தெரியும்; பல சமயம் வெட்டி எடுத்துச் சோதித்த பிறகுதான் உண்மை தெரியும்.

அதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை மக்களே. கிட்னியில் வரும் திடமான கட்டிகளில் பெரும்பாலானவை கேன்சர்தான், அலட்சியம் கூடாது. ஆனால் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கொழுப்பு தெரிகிறதா? பயாப்ஸி உதவுமா? கட்டியை மட்டும் எடுத்துக் கிட்னியைக் காப்பாற்ற முடியுமா? கேட்டால் கோபப்படுகிற டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கட்சி. காசு இல்லையே என்பவர்களுக்கு இங்கே விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசின் நெஃப்ரோ யூராலஜி இன்ஸ்டிட்யூட் இருக்கிறது.

எங்களுக்கு ஆறு மாதம் கழித்து அடுத்த ஸ்கேன். திடீரென்று விலாவில் கடும் வலியோ தலைசுற்றலோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஓடிவரச் சொல்லியிருக்கிறார். அம்மணி அதைக் காலண்டரில் எழுதி மாட்டிவிட்டு, வழக்கம்போல என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கிட்னியோடு!

டிஸ்கி: நான் படித்தது பி.காம். மருந்து, மாத்திரை கேட்டுப் பின்னூட்டம் போடாதீர்கள்.