சேரும் தேதி எங்கே?

பொறியியல் கல்லூரிகளில் வளாக நேர்காணல் என்பது ஒரே நாளில் முடியும் சோதனையல்ல. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் கூடாது எனப் பல நிறுவனங்கள் வாசலிலேயே வடிகட்டிவிடுகின்றன. பிறகு திறனறித் தேர்வு, கோடிங், தொழில்நுட்ப நேர்காணல், எச்.ஆர். நேர்காணல் என நீளும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் நிரலைச் சரியாக எழுதிவிட்டு, அதை ஆங்கிலத்தில் விளக்கும்போது திணறுவதுண்டு. இறுதியாண்டின் அவசரப் பயிற்சி இதைத் தீர்க்காது. முதலாண்டு வகுப்பிலேயே மாணவர் பேச வேண்டும்.

இத்தனையும் கேட்கும் நிறுவனங்கள் தம் வாக்கைக் காக்கின்றனவா? ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று தேர்வுசெய்த பட்டதாரிகளைக் காக்கவைத்த விப்ரோ, 2023 பிப்ரவரியில் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸில் 2022-இல் ஆஃபர் பெற்ற பலர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை மைசூரு வளாகத்திலிருந்து அந்நிறுவனம் அனுப்பியது. தகுதி பார்ப்பது நிறுவனத்தின் உரிமைதான். ஆனால் காத்திருந்த காலத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

கல்லூரிகளும் இதில் கூட்டாளிகளே. ஓர் ஆஃபர் கிடைத்ததும் அடுத்த நேர்காணலுக்கு அனுமதி மறுப்பது பல இடங்களில் விதி. வேலைவாய்ப்பு விளம்பரத்துக்கு எண்ணிக்கை சேர்ந்துவிடுகிறது, மாணவர் மாட்டிக்கொள்கிறார். சேரும் தேதியும் சம்பளமும் உறுதியாக எழுதப்படாத கடிதத்தை ஆஃபராகக் கணக்கிடக் கூடாது. அத்தகைய கடிதம் மட்டுமே பெற்ற மாணவரை அடுத்த நேர்காணலுக்கும் அனுமதிக்கும்படி அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளுக்கு உத்தரவிட வேண்டும்.